வாசக்கால் வைக்கும் உரிமை



திருநின்றவூரில் நின்று வரலாறு பேசுகிறவர்கள் வழக்கமாகப் பூசலாரிடமிருந்து தொடங்குவார்கள். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்ட பூசலார் பல இடங்களில் பொருள் தேடினார், கிடைக்கவில்லை. மனத்துக்குள்ளேயே கட்டத் தொடங்கினார். காஞ்சியில் பல்லவ மன்னன் கல்லால் எழுப்பிய கோயிலுக்குக் குறித்த நாளும் பூசலார் தம் மனக்கோயிலுக்குக் குறித்த நாளும் ஒன்றாகிவிட, இறைவன் மன்னனின் கனவில் வந்து நாளை மாற்றிக்கொள்ளச் சொன்னதாகப் பெரியபுராணம் கூறுகிறது. இந்த ஊரின் இருதயாலீஸ்வரர் கோயில் அந்தக் கதையின் நினைவாக நிற்கிறது.

அந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. மனத்துக்குள் கட்டும்போதும் பூசலார் பொருளையும் சாதனங்களையும் தேடுகிறார். அதோடு தச்சரையும் தேடுகிறார். கற்பனையில் எழும் கட்டடத்துக்குக்கூடக் கை பழகிய ஆள் வேண்டியிருக்கிறது. இதே பெரியபுராணத்தில்தான் நந்தனாரும் இருக்கிறார். கோயில் முரசுக்குத் தோலும் வாரும் கொடுத்த அவர் வாசலுக்கு வெளியே நின்றார். தில்லையில் நெருப்புக்குள் இறங்கித்தான் உள்ளே போனார். ஒருவருக்கு மனத்துக்குள்ளே கோயில். இன்னொருவருக்குக் கண்ணெதிரே கோயில் இருந்தும் வாசல் இல்லை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இதைவிடச் சிறிய வாசல். ஒரு வீட்டின் வாசக்கால், கதவு, ஜன்னல். இவற்றைச் செய்யத் தேவையான சில மரப் பொருத்துகள். இவற்றைப் பற்றி இரண்டே கேள்விகளைக் கேட்கிறேன். இந்த வேலையைக் கற்றுக்கொள்ளும் உரிமை யாருக்கு இருந்தது? கற்றுச் செய்த வாசக்காலை நிறுத்த யாருக்குச் சொந்தச் சுவர் இருந்தது? இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனி வரலாறு இருக்கிறது. சேரியின் கதையில் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன.

களத்து நெல்லில் ஒரு பங்கு

திருநின்றவூர் இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் பகுதி இது. 1763இல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அதன்பின் தாமஸ் பர்னார்ட் என்ற அதிகாரி அந்தச் சீமையின் கிராமங்களை 1767 முதல் 1774 வரை அளந்து கணக்கெடுத்தார். எந்த ஊரில் எந்தச் சாதியார் எத்தனை வீடு, விளைச்சலில் யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வந்தன. களத்தில் நெல் அடித்ததும் அரசுக்கும் மிராசுதாருக்கும் பிரிப்பதற்கு முன்பே கோயிலுக்கும் கணக்கனுக்கும் தச்சனுக்கும் கொல்லனுக்கும் நாவிதனுக்கும் வண்ணானுக்கும் வெட்டியானுக்கும் ஒரு பங்கு எடுத்து வைப்பார்கள். இந்தப் பங்குகளுக்கு இப்பகுதியில் வழங்கிய பெயர்களில் ஒன்று ‘சுதந்திரம்’.

பெயர் சுதந்திரம்தான். ஆனால் அந்தப் பங்கு தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தில் நின்றது. தச்சனின் பங்கைப் பெறத் தச்சனின் மகனாக இருக்க வேண்டும். தொழில் தெரிந்திருப்பது இரண்டாவது தகுதி. பிறப்பு முதல் தகுதி. வெளியார் பிள்ளை ஒருவன் உளி பிடித்துப் பழகிவிட்டாலும் களத்தில் அவனுக்கு நெல் கிடையாது. கூலி கிடைக்காத வேலையை யார் கற்பார்கள், யார் கற்றுக்கொடுப்பார்கள்? தொழிலறிவு சாதிக்குள் பூட்டப்பட்டதை வேத மந்திரங்களை மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது. களத்து நெற்குவியலும் அதற்குப் பூட்டாக இருந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தச்சு வேலை செய்த சாதியாரை நம் எதிரிகளாக நிறுத்த நான் வரவில்லை. கம்மாளர் எனப்பட்ட ஐந்தொழிலாளருக்கும் தடைகள் இருந்தன. கருவூர்க் கோயிலில் கோனேரின்மைகொண்டான் பெயரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கொங்கு நாட்டுக் கம்மாளர் தங்கள் நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று அந்த அரசாணை அனுமதிக்கிறது. ஊருக்கெல்லாம் வீடு கட்டியவர்கள் தங்கள் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச அரசன் அனுமதி தர வேண்டியிருந்தது. பிற்காலத்திலும் அவர்கள் வழக்காடினார்கள். தங்கள் திருமணத்தைத் தங்கள் ஆசாரியர்களே நடத்தும் உரிமைக்காக 1818இல் சித்தூர் ஜில்லா நீதிமன்றத்தில் அவர்கள் பெற்ற தீர்ப்பு தமிழில் பலமுறை அச்சிடப்பட்டது.

அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னது இதைத்தான். மேலே இருப்பவன் தன்னை மிதிப்பதை உணர்கிறவனுக்கும் கீழே ஒருவன் இருக்கிறான் என்பது ஆறுதலாகிவிடுகிறது. சாந்து பூச உரிமை கேட்டவர்கள் தங்கள் பட்டறையைச் சேரிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடவில்லை. சாதி வேலைகளை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்கிறவர்களையும் பிரிக்கிறது என்று அவர் 1936இல் எழுதியதைத் தச்சுப் பட்டறையின் வாசலில் நின்று படித்தால் இன்னும் நன்றாகப் புரியும்.

படலும் கதவும்

இனி இரண்டாவது கேள்வி: சுவர் யாருடையது?

1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் இந்த ஜில்லாவின் பறையர் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். தலித் வரலாறு படிக்கும் மாணவர்கள் எல்லாரும் அறிந்த அறிக்கை அது. நிலமில்லாமை, கடன், படியாள் முறை ஆகியவற்றோடு அவர் சுட்டிக்காட்டிய இன்னொன்று, குடியிருக்கும் மனைகூடச் சேரி மக்களுக்கு உறுதியில்லை என்பது. ஊர் நிலத்தின் மீது மிராசு உரிமை கொண்டாடியவர்கள் சேரி மனைகளின் மீதும் உரிமை கொண்டாடினார்கள். சொன்ன வேலைக்கு வராதவனையும் கூலி கூடுதலாகக் கேட்டவனையும் குடிசையிலிருந்து கிளப்பிவிடும் மிரட்டல் எப்போதும் தலைக்குமேல் இருந்தது. அடிமைமுறைக்கு எதிரான சட்டம் 1843இலேயே வந்துவிட்டது. மனைமீதான பிடி மட்டும் அப்படியே இருந்தது. திருவள்ளூர்ப் பக்கத்தில் பணியாற்றிய வெஸ்லியன் மிஷன் பாதிரியார் வில்லியம் கௌடி போன்றவர்களும் சேரிக்கு நிலமும் மனையும் வேண்டும் என்றே எழுதினார்கள்.

எந்த நேரமும் காலி செய்யச் சொல்லப்படக்கூடிய மனையில் ஒருவன் என்ன கட்டுவான்? மண் சுவர் எழுப்புவான், ஓலை வேய்வான், வாசலுக்குப் படல் கட்டுவான். மூங்கில் பிளாச்சும் பனையோலையும் கயிறும் கொண்டு கட்டிய படலை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடலாம். மரக் கதவு அப்படியில்லை. அதற்கு வாசக்கால் வேண்டும். வாசக்காலின் கால்கள் தரையில் இறங்கி, காதுகள் சுவருக்குள் போய்ச் செங்கல்லோடு பிணைய வேண்டும். வாசக்கால் வைப்பவன், ‘நான் இங்கேதான் இருக்கப்போகிறேன், என் பிள்ளையும் இங்கேதான் இருப்பான்’ என்று சொல்கிறான். நம் ஊரில் வாசக்கால் வைக்கும் நாளில் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துச் சொந்தக்காரர்களை அழைப்பதன் பொருள் அதுதான். நிலத்தின் மீது உரிமை இல்லாதவனுக்கு அந்தச் சொல் வாய்க்காது. ‘சேரிக்காரனுக்கு நல்ல கதவு எதற்கு’ என்று கேட்டவர்கள், அந்த மனைக்கு ஏன் பட்டா இல்லை என்று கேட்டதில்லை.

ட்ரெமென்ஹீர் அறிக்கையைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 அன்று வந்த வருவாய்த் துறை அரசாணைதான் பஞ்சமி நிலங்களுக்கு வழிவகுத்தது. 1920களில் லேபர் கமிஷனரின் அலுவலகம் சேரிகளுக்கு மனையிடம் வாங்கித் தரும் வேலையைச் செய்தது. அந்த நிலங்களில் பெரும்பகுதி பிறகு எப்படிக் கைமாறியது என்பது உங்களுக்குத் தெரியும். பஞ்சமி நில மீட்புக்காகச் செங்கல்பட்டுப் பகுதியில் நடந்த காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவரையும் இழந்தோம். தச்சு வேலை பற்றிய சொற்பொழிவில் அவர்கள் பெயரை ஏன் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வாசக்கால் நிற்கும் மண்ணுக்காக உயிர் கொடுத்தவர்கள் அவர்கள்.

பொருத்தில் என்ன இருக்கிறது

இவ்வளவு காலம் பூட்டி வைத்திருந்த அந்த அறிவுதான் என்ன? மேடையில் ஒரு பட்டறையை விரித்துக் காட்ட முடியாது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

கதவு ஜன்னல் வேலைக்கு நாலைந்து பொருத்துகள் போதும். முதலாவது, இரண்டு கட்டைகளிலும் பாதிப் பாதி கனத்தை வெட்டி ஒன்றன்மேல் ஒன்று படியவைப்பது. குறுக்கே போகும் சட்டங்களுக்கு இது உதவும். கற்றுக்கொள்கிறவர் கை பழகுவதும் இதில்தான். இரண்டாவது, துளையும் முளையும். ஒரு கட்டையில் நீள்சதுரத் துளை. மற்றதன் முனையைச் செதுக்கி அத்துளைக்குள் போகும் முளை. ஐ.டி.ஐ.யில் படித்தவர்கள் மார்ட்டிஸ், டெனான் என்பார்கள். முளையின் கனம் கட்டையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது பொது விதி. நாலுக்கு மூன்று அங்குல வாசக்காலில் மூன்று அங்குலப் பக்கத்துக்கு ஓர் அங்குல முளை. 36 மில்லிமீட்டர் கனமுள்ள கதவுச் சட்டத்துக்கு 12 மில்லிமீட்டர். முளை அதைவிடப் பருத்தால் துளையின் இரு சுவர்களும் மெலிந்து பிளக்கும். மெலிந்தால் முளை முறியும். இது உலகம் முழுக்கத் தச்சர்கள் கண்ட கணக்கு. இதற்குச் சாதி தெரியாது.

மூன்றாவது, காடி. வாசக்காலின் உள்விளிம்பில் கதவு வந்து உட்கார அரை அங்குல ஆழத்துக்கு ஒரு பள்ளம். கதவுச் சட்டத்தின் உள்விளிம்பிலும் காடி உண்டு. அதற்குள் பலகை நிற்கும். அந்தப் பலகைக்குப் பசை போடக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது. ஐப்பசி மழையில் மரம் உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும். காடிக்குள் சற்று நகர இடம் விட்டால் பலகை பிழைக்கும். இறுக்கிப் பிடித்தால் வெடிக்கும். நான்காவது, வெறும் பலகைகளைச் சேர்த்துச் செய்யும் கதவுக்குப் பின்னால் அடிக்கும் சாய்வுக் கட்டை. அது கீல் இருக்கும் பக்கத்தின் கீழ் மூலையில் தொடங்கி எதிர்ப்பக்கத்தின் மேல்மூலைக்குப் போக வேண்டும். அப்போதுதான் கதவின் பாரம் அந்தக் கட்டை வழியாக இறங்கிக் கீழ்க் கீலில் போய் நிற்கும். மாற்றி அடித்தால் கட்டை பாரத்தைத் தாங்காது. சில மாதங்களில் கதவு தொங்கித் தரையை உரசும். ஐந்தாவது புறாவால் பொருத்து. அது பெரும்பாலும் பெட்டிக்கும் இழுப்பறைக்கும் வேண்டியது. கதவு செய்யக் கற்கிறவர் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

இதில் எங்கே இருக்கிறது பரம்பரை ரத்தம்? மூலைமட்டம் பார்க்கக் கண் வேண்டும், உளி தீட்டப் பொறுமை வேண்டும், கெடுத்துப் பழகக் கொஞ்சம் மரம் வேண்டும், தவறைக் காட்டித் திருத்த ஒரு ஆசிரியர் வேண்டும். இந்த நான்கும் கிடைத்தவர் கற்றார். கிடைக்காதவரைப் பார்த்து ‘அவனுக்கு அது வராது’ என்றார்கள். 1930லும் 1931லும் ராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடருக்கு எதிராக ஆதிக்க சாதியார் போட்ட கட்டளைகளில் ஒன்று, அவர்கள் பிள்ளைகள் எழுத்து கற்கக் கூடாது, மாடு மேய்க்க வேண்டும் என்பது. ‘வராது’ என்று நம்பியிருந்தால் ‘கூடாது’ என்று கட்டளை போட வேண்டிய தேவை என்ன? வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

பூட்டு திறந்த இடங்கள்

பூட்டுகள் தாமாகத் திறக்கவில்லை. ஊர்க் களத்துக்கு வெளியே, கூலி பணமாகக் கிடைத்த இடங்களில்தான் முதலில் திறந்தன.

மெட்ராஸில் அலெக்சாண்டர் ஹன்ட்டர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளி பின்னர் அரசின் கைக்கு வந்தது; இன்றைய எழும்பூர் கவின்கலைக் கல்லூரி அதன் தொடர்ச்சி. திருநெல்வேலிச் சீமையின் நாசரேத்தில் 1878இல் கேனன் மர்காசியஸ் தொடங்கிய தொழிற்பள்ளி தச்சு, கொல்லு, தையல் போன்ற தொழில்களைக் கற்றுக்கொடுத்தது. அங்கே கற்றவர்கள் தச்சர் வீட்டில் பிறந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நமக்கு அருகே திருவள்ளூரை ஒட்டிய இக்காட்டில் வெஸ்லியன் மிஷன் பெண்களுக்கு லேஸ் பின்னும் வேலையைக் கற்றுக்கொடுத்தது. மிஷன்களின் நோக்கம் மதமாற்றம்தான் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அப்பன் யார் என்று கேட்காமல் தொழில் சொல்லித்தந்த ஒரு வகுப்பறை அவர்களால் வந்தது.

இன்னொரு கதவை ரயில் திறந்தது. 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் இந்தத் திருநின்றவூர் வழியாகத்தான் போனது. அதே காலத்தில் பெரம்பூரில் ரயில்வே பட்டறை வந்தது. அன்றைய ரயில் பெட்டியின் உடல் மரம். தேக்குச் சட்டங்களைத் துளையும் முளையுமாகக் கோத்து, பலகை அடித்து, ஜன்னல் பொருத்தி அனுப்பும் பெரிய தச்சுக்கூடமாக அந்தப் பட்டறை இருந்தது. ஒரு கிராமத்துக் களத்தில் ஒரே தச்சுக் குடும்பம் போதும். ரயிலுக்கு ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும். அந்தத் தேவை சாதியின் கணக்கைக் கொஞ்சம் குலைத்தது. கொஞ்சம்தான், சென்னைத் தொழிற்சாலைகளில் ஆள் எடுத்தது பெரும்பாலும் மேஸ்திரிகள் வழியாக, சிபாரிசும் உறவும் பார்த்துத்தான். ஆனாலும் மாதச் சம்பளம் வாங்கிய கைகளிலிருந்து சங்கமும் பத்திரிகையும் பள்ளியும் பிறந்தன. அயோத்திதாசப் பண்டிதரின் தமிழ்ப் பௌத்த இயக்கம் பெரம்பூரிலும் கோலார் தங்கவயலிலும் வேர்விட்டது தற்செயல் இல்லை. 1955இல் அதே பெரம்பூரில் ஐ.சி.எஃப். தொடங்கி முழு உலோகப் பெட்டிகள் வந்த பிறகு மரத்தின் இடத்தை வெல்டிங் பிடித்துக்கொண்டது.

மூன்றாவது கதவு அரசு பயிற்சி நிலையம். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் டாக்டர் அம்பேத்கர். போர்க்காலத் தொழில்நுட்பப் பயிற்சி அந்தத் துறையின் கீழ் நடந்தது. போர் முடிந்தபோது வேலைவாய்ப்புக்கும் மறுவாழ்வுக்குமான இயக்குநரகம் 1945இல் அந்தத் துறையில்தான் அமைந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டம் இதன் தொடர்ச்சி. நாம் ஐ.டி.ஐ. என்று சொல்வது அதைத்தான். எட்டாம் வகுப்பு முடித்த எந்தப் பிள்ளையும் இட ஒதுக்கீட்டின்படி சேர்ந்து ஒரே ஆண்டில் தச்சுத் தொழில் கற்றுச் சான்றிதழ் பெறலாம் என்ற நிலை, பல நூறு ஆண்டு வழக்கத்தை ஓர் அரசு விதியால் மறுத்தது. அம்பத்தூர் ஐ.டி.ஐ.க்கு இங்கிருந்து ரயில் ஏறிப் போகும் பிள்ளைகள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

ஒரு சொல்லைக் கவனியுங்கள். கட்டட வேலை நடக்கும் இடத்தில் தச்சு வேலை செய்கிறவரை ‘ஆசாரி’ என்று கூப்பிடுகிறோம். சாதிப் பட்டமே தொழிலின் பெயராக நிற்கிறது. நம் தெருவிலிருந்து போய் அந்த வேலை செய்கிற இளைஞன் தன்னை ஆசாரி என்று சொல்லிக்கொள்ளத் தயங்குகிறான். ‘நான் கார்பெண்டர்’ என்கிறான். ஆங்கில மோகம் என்று சிரிக்க வேண்டாம். சாதி ஒட்டாத ஒரு சொல் அவனுக்குத் தேவைப்படுகிறது.

அப்பன் தொழில்

கற்கும் உரிமையைப் பற்றிப் பேசும்போது அதற்கு நேர் எதிரான ஒன்றையும் நினைவூட்ட வேண்டும். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் கிராமப் பிள்ளைக்குத் தினம் மூன்று மணி நேரம்தான் பள்ளி. மற்ற நேரம் பெற்றோர் செய்யும் தொழில். குலக்கல்வி என்று மக்கள் சரியாகப் பெயர் வைத்தார்கள். எதிர்ப்பு மூண்டது, 1954இல் ராஜாஜி விலகினார், காமராசர் வந்து திட்டத்தைக் கைவிட்டார்.

இந்தத் திட்டத்தில் தச்சர் வீட்டுப் பிள்ளை மீதிநேரம் உளி பிடித்திருப்பான். வெட்டியான் வீட்டுப் பிள்ளை எதைப் பிடித்திருப்பான்? தொழில்கள் எல்லாம் சமம் என்று பேசுகிறவர்கள் இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதில்லை. இதற்கு முன் 1937இல் காந்தி முன்வைத்த வார்தா ஆதாரக் கல்வியிலும் கைத்தொழில் இருந்தது. ஆனால் அங்கே தொழிலைத் தேர்ந்தது பள்ளி. பிள்ளையின் அப்பன் இல்லை. காந்தியின் வருண விளக்கங்களோடு நமக்கு உள்ள சண்டை தனி. எல்லாப் பிள்ளைக்கும் ஒரு தொழில் என்பதும் அவனவன் பிள்ளைக்கு அவனவன் தொழில் என்பதும் ஒன்றாகாது.

இந்தச் சண்டை முடிந்துவிடவில்லை. 2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களைப் பட்டியலிட்டது. தச்சும் அதில் ஒன்று. குடும்பத் தொழிலாக அதைச் செய்கிறவர் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு அரசு எதிர்த்தது. அதை நீக்காமல் செயல்படுத்த இயலாது என்று 2024 நவம்பரில் முதலமைச்சர் எழுதினார். பிறகு 25 தொழில்களுக்கான கலைஞர் கைவினைத் திட்டம் 2025 ஏப்ரல் 19 அன்று குன்றத்தூரில் தொடங்கியது. 3 லட்சம் ரூபாய் வரை கடன், 50,000 ரூபாய் வரை மானியம். சாதியும் குடும்பத் தொழிலும் கேட்கப்படுவதில்லை. வரவேற்கிறோம். ஆனால் இது 35 வயதைத் தாண்டி ஏற்கெனவே தொழில் செய்கிறவருக்கான கடன். இருபது வயதுப் பெண்ணோ பையனோ முதல் துளையைப் போடக் கற்கும் இடம் எங்கே என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

உளியா, பட்டமா?

இந்த இடத்தில் நம் தோழர்களிடமிருந்தே ஒரு கேள்வி வரும். ‘டாக்டராகவும் வழக்கறிஞராகவும் நம் பிள்ளைகள் போக வேண்டிய காலத்தில் உளியைக் கொடுக்கிறீர்களா?’ நியாயமான கேள்வி. அமெரிக்காவின் கறுப்பின மக்கள் இதைப் பல ஆண்டுகள் விவாதித்தார்கள். அடிமையாகப் பிறந்த புக்கர் டி. வாஷிங்டன் 1881இல் டஸ்கீகி பள்ளியைத் தொடங்கினார். செங்கல் சுட்டு, மரம் அறுத்து, தங்கள் பள்ளிக் கட்டடங்களை மாணவர்களே கட்டினார்கள். உரிமைகளைத் தள்ளிவைத்துத் தொழிலை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொல்வது சரணாகதி என்று டு போய்ஸ் 1903இல் கடுமையாக எழுதினார். டு போய்ஸின் எச்சரிக்கை நமக்கும் தேவை. ஆனால் அந்த டஸ்கீகியில் கட்டடங்களை வரைந்தவர் ராபர்ட் டெய்லர். கட்டட வேலை செய்த தச்சரின் மகன், எம்.ஐ.டி.யில் கட்டடக் கலை படித்து 1892இல் பட்டம் பெற்ற முதல் கறுப்பர். அவருடைய வாழ்க்கையில் உளிக்கும் பட்டத்துக்கும் சண்டை இல்லை. சண்டை, இரண்டில் ஒன்றுதான் உனக்கு என்று சொல்கிறவனோடு.

நம் பக்கத்திலிருந்தே ஒரு காரணம் சொல்கிறேன். தாட்கோ 1974இல் தொடங்கியது வீடு கட்டித் தருவதை முதன்மை நோக்கமாகக் கொண்டுதான். அதற்குப் பின்னும் எத்தனையோ தொகுப்பு வீட்டுத் திட்டங்கள் வந்தன. பல ஊர்த் தொகுப்பு வீடுகளில் கதவு முதல் மழையில் உப்பி, அடுத்த கோடையில் கோணி, மூன்றாம் ஆண்டில் கழன்று நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். ‘வீட்டுக்காரன் சரியாக வைத்துக்கொள்ளவில்லை’ என்று பழி வேறு. அந்தக் கதவைக் கழற்றிப் பாருங்கள். முளை இருக்க வேண்டிய இடத்தில் ஆணி இருக்கும். சாய்வுக் கட்டை தலைகீழாக இருக்கும். பச்சை மரம் பயன்பட்டிருக்கும். பொருத்து தெரிந்த ஒருவர் அந்தத் தெருவில் இருந்தால், கதவை மாட்டும் நாளிலேயே ஒப்பந்தக்காரரைக் கேள்வி கேட்பார். ஊராட்சிக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுதும் மனுவில் எந்தச் சட்டத்தில் என்ன குறை என்று எழுதுவார். அறிவு இல்லாத புகாரை அதிகாரி ஒதுக்கிவிடுவார். அளவோடு எழுதிய புகாருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்று இந்தப் புறநகரில் எங்கே பார்த்தாலும் அடுக்குமாடி. நெமிலிச்சேரி, பட்டாபிராம், ஆவடி, பூந்தமல்லி என்று கட்டடம் எழாத தெரு இல்லை. அங்கே நம் மக்கள் நிறையவே இருக்கிறார்கள். கடைக்கால் தோண்டும் இடத்தில், கம்பி கட்டும் இடத்தில், சித்தாளாகச் சிமெண்ட் சட்டி தூக்கும் இடத்தில். தச்சு, மின்சாரம், குழாய் போன்ற கூலி கூடிய வேலைகளில் சேர இன்றும் மாமன் மச்சான் உறவு தேவைப்படுகிறது. பெண்களுக்கு அதுவும் இல்லை. முப்பது வருடம் சித்தாளாக இருந்தாலும் அவர் கைக்கு உளி வராது. கேரளத்தின் ஏற்றுமானூரில் அர்ச்சனா பெண்கள் மையம் பெண்களுக்குக் கொத்து வேலையும் தச்சு வேலையும் கற்றுக்கொடுத்துக் காட்டியிருக்கிறது. இங்கே அது ஏன் முடியாது? இரும்புக் கதவும் யு.பி.வி.சி. ஜன்னலும் வந்து மரவேலையைச் சுருக்குகின்றன என்பது உண்மைதான். அவற்றுக்கும் அளவு எடுப்பது, மட்டம் பார்ப்பது, சட்டம் கோணாமல் நிறுத்துவது என்ற அடிப்படை ஒன்றே. மரத்தில் கற்ற கை அங்கேயும் வேலை செய்யும்.

ஆகவே மூன்று கோரிக்கைகளை இந்த மேடையில் வைக்கிறேன். ஒன்று, ஆதிதிராவிடர் நல விடுதிகளில் ஒரு சிறு பட்டறை வேண்டும். விடுமுறை நாட்களில் விரும்பும் மாணவ மாணவியர் கற்கட்டும். விருப்பம் என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். இரண்டு, நமக்காகக் கட்டப்படும் வீடுகளின் வேலையில் நம் தெருவின் பயிற்சி பெற்ற இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பங்கு வேண்டும். 1994இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர்கள் சித்தாளாக இல்லாமல் தச்சர் என்றே பதிவாக வேண்டும். மூன்று, பட்டா. அது இல்லாமல் மற்ற இரண்டும் நிற்காது.

நம்முடைய நினைவு நாட்களில் சிலைக்கு மாலை போடுகிறோம், உரை நிகழ்த்துகிறோம், கலைந்து போகிறோம். அடுத்த ஆண்டு நாம் கூடுவதற்கு முன் ஒரு வேலை செய்யலாம். இந்த ஊரில் இடிந்து கிடக்கும் ஏதாவது ஒரு வீட்டுக்கு, நம் பிள்ளைகள் தாங்களே அளந்து, அறுத்து, துளையிட்டுக் கோத்த ஒரு கதவை மாட்டலாம். அது முதலில் கொஞ்சம் கோணலாக இருக்கலாம். அடுத்தது நேராக வரும். பூசலாருக்கு மனக்கோயில் போதுமானதாக இருந்தது. நமக்கு மனத்தில் கட்டி வைத்த வீடுகள் போதும். பட்டா உள்ள மண்ணில், நம் கையால் செய்த வாசக்காலை நிறுத்துவோம்.

ஜெய் பீம்.